மீனவக் கிராமத்து அரசுப் பள்ளியை நம்பி பிள்ளையை விடலாமா?

நீங்கள் கேட்டது, சின்ன கடற்கரை ஊர்களில் அரசுப் பள்ளிகளின் நிறை என்ன, குறை என்ன என்று. ஆனால் கேள்விக்குக் கீழே எழுதியிருந்ததைப் படித்தால் விஷயம் வேறு. உங்கள் ஊர் மீனவக் கிராமம், ஊரிலேயே எட்டாம் வகுப்பு வரை ஊராட்சி ஒன்றியப் பள்ளி இருக்கிறது, மகள் அங்கே இரண்டாம் வகுப்பு முடிக்கப்போகிறாள். ஒன்றிலிருந்து ஐந்து வரை மொத்தம் 63 பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக டவுனில் உள்ள ஆங்கிலவழிப் பள்ளிக்கு வேன் ஏறுகிறார்கள், வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறார், மாமியார் ‘நீ மட்டும் என்ன யோசிச்சிட்டு இருக்க’ என்கிறார். ஆக, கேள்வி இதுதான்: மூன்றாம் வகுப்புக்கு வேன் ஏற்றுவதா, ஊரிலேயே விடுவதா?

கிழக்குக் கரையில், நாகை, மயிலாடுதுறை பக்கத்து ஒன்றியப் பள்ளிகளில் ஆசிரியராகவும் பிறகு தலைமை ஆசிரியராகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன். குமரி, தூத்துக்குடி கரைகளில் தேவாலயங்கள் நடத்தும் உதவிபெறும் பள்ளிகள் அதிகம், அங்கே நிலைமை கொஞ்சம் மாறும். உங்கள் பள்ளியையும் நான் பார்த்ததில்லை. அதனால் எதை உறுதியாகச் சொல்ல முடியும், எது நீங்களே போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது என்று பிரித்தே சொல்லிவிடுகிறேன்.

முதலில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த 63 என்ற எண். உங்கள் கேள்வியிலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். கட்டாயக் கல்விச் சட்டத்தின் கணக்குப்படி தொடக்க வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று ஆசிரியர். எத்தனை பணியிடம் என்பதை ஆகஸ்ட் 1ஆம் தேதி நிலவரத்தை வைத்து முடிவு செய்வார்கள். அதாவது உங்கள் ஊரில் இன்னும் மூன்று பிள்ளைகள் டி.சி. வாங்கினால் ஒரு ஆசிரியர் ‘உபரி’ ஆகிவிடுவார், அவரை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு என்றால் என்ன ஆகும் தெரியுமா? ஒருவர் பயிற்சிக்கோ, தேர்தல் வேலைக்கோ, வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கோ போனால் அன்று முழுக்க ஒரே ஆசிரியர். ஒன்றாம் வகுப்புக் குழந்தை மூக்கைத் துடைத்துக்கொண்டு அழும், ஐந்தாம் வகுப்புக்கு பின்னம் சொல்லித்தர வேண்டும், சத்துணவுக் கூடத்தில் முட்டை வந்துவிட்டது எண்ணி வாங்குங்கள் என்று கூப்பிடுவார்கள், எமிஸில் (கல்வித் துறையின் இணையப் பதிவேடு) வருகைப்பதிவு ஏறவில்லை என்று போன் வரும், கடற்கரை ஊரில் டவர் கிடைப்பதே ஒரு தவம். அந்த நிலைமையில் எவ்வளவு நல்ல ஆசிரியராக இருந்தாலும் பிள்ளைகளை உட்கார வைக்கத்தான் முடியும், சொல்லித்தர முடியாது. ‘பள்ளி சரியில்லை, அதனால் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறோம்’ என்று ஊர் சொல்லும். நான் பார்த்த பல ஊர்களில் பிள்ளைகள் போன பிறகுதான் பள்ளி சரியில்லாமல் போனது.

சரி, நிறைகளுக்கு வருகிறேன். சாப்பாட்டை ஏதோ ஏழைகளுக்கான சமாச்சாரம் மாதிரி ஒதுக்கிவிடாதீர்கள். மதிய உணவு காமராஜர் காலத்தில் 1956இல் தொடங்கி, எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவாக விரித்தது. காலை உணவு 2022இல் சில பள்ளிகளில் ஆரம்பித்து, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது, அந்த விரிவாக்கத்தைத் தொடங்கியதே நம் நாகை மாவட்டத்துத் திருக்குவளையில்தான். மற்ற ஊர்களைவிட கடற்கரை ஊருக்கு இது ஏன் முக்கியம் என்றால், அம்மா விடியும் முன்பே ஏலத்துக்குப் போய் மீன் எடுத்து, கூடையோடு பஸ் ஏறிவிடுவார், அப்பா கடலில் இருப்பார், பிள்ளை தானாகவே கிளம்பி வரும். காலை உணவுத் திட்டம் வருவதற்கு முன், முதல் இரண்டு பாடவேளைகளில் பாதிப் பிள்ளைகள் சோர்ந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். வயிறு நிறைந்த பிறகு அதே பிள்ளைகள் பேசுகிற பேச்சை அடக்க முடியவில்லை!

அடுத்து ஆசிரியர்களின் தகுதி. அரசுத் தொடக்கப் பள்ளியில் இருப்பவர் ஆசிரியர் பயிற்சி முடித்தவர், 2012க்குப் பிறகு வந்தவர் என்றால் தகுதித் தேர்வும் எழுதித் தேறியவர். டவுனில் குறைந்த கட்டணம் வாங்கும் சின்ன ஆங்கிலவழிப் பள்ளிகளில் இதை எதிர்பார்க்க முடியாது. அங்கே சம்பளம் குறைவு, வருடத்துக்கு ஒரு டீச்சர் மாறுவார்.

ஆனால் தகுதி வேறு, ஊரோடு ஒட்டுவது வேறு. ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். ஃபைபர் படகில் நாலு பேர் போனார்கள், ஏலத்தில் 9,400 ரூபாய், டீசலும் ஐஸும் 1,800 போக மிச்சம், படகுக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்றால் தலைக்கு எவ்வளவுடா என்று கேட்டால், மேலே பார்த்துவிட்டு ‘ஆயிரத்து ஐந்நூத்தி இருபது சார்’ என்பான். 7,600ஐ 5ஆல் வகு என்று போர்டில் எழுதினால் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பான். இரண்டும் ஒரே கணக்கு என்று அவனுக்குக் காட்டிக்கொடுக்க ஆசிரியருக்குப் பங்கு பிரிக்கும் வழக்கம் தெரிந்திருக்க வேண்டும், அதற்கு அவர் அந்த ஊரில் சில வருடமாவது இருக்க வேண்டும். வேன் போகிற பள்ளியில் யாரும் இந்தக் கணக்கைக் கேட்கப் போவதில்லை. ஊர்ப் பள்ளியிலும், கலந்தாய்வு வந்ததும் மாறுதல் வாங்கிப் போய்விடும் ஆசிரியர் கேட்கப் போவதில்லை. கடைக்கோடிக் கடற்கரைப் பள்ளிகளை முதல் பணியிடமாக எடுத்துவிட்டு, வாய்ப்பு வந்தவுடன் சொந்த ஊர்ப் பக்கம் போவது சகஜம். அவர்களையும் குறை சொல்ல மாட்டேன், மழைக்காலத்தில் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஊர்ப் பஞ்சாயத்தையும் (தேர்தலில் வரும் ஊராட்சியைச் சொல்லவில்லை, மீனவர்கள் வழக்கப்படி தாங்களே நடத்துவது) நிறையில்தான் சேர்ப்பேன், இது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. விவசாய கிராமங்களில் பள்ளிக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்றால் நாலு பேர் வீட்டுக்கு நடக்க வேண்டும். நம் கரையில் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போட்டுக் கோயில் திருவிழா நடத்தும் பழக்கம் இருப்பதால், பஞ்சாயத்தார் ஒரு நாள் கூடி முடிவெடுத்தால் குடிநீர்த் தொட்டியோ, கம்பவுண்டோ, சம்பளம் கொடுத்து ஒரு பகுதிநேர ஆசிரியையோ வந்துவிடும். முடிவெடுக்க வைப்பதுதான் கஷ்டம். பஞ்சாயத்தில் ஆண்கள் மட்டும் உட்காருவார்கள், பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புகிற அம்மாக்கள் வெளியே நிற்பார்கள். இதற்கு சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். பல ஊர்களில் அது கையெழுத்து வாங்கும் நோட்டாக மட்டும் இருக்கிறது, ஆனால் பயன்படுத்தத் தெரிந்தவர்களுக்கு நல்ல ஆயுதம்.

குறைகளில், கட்டடத்தை எல்லோரும் முதலில் சொல்வார்கள். உண்மைதான். உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் தின்கிறது, கம்பி துருப்பிடித்து உப்பினால் காரை பெயர்ந்து விழும். நம் பக்கம் சுனாமிக்குப் பிறகு நிவாரணப் பணத்தில் நிறைய பள்ளிக் கட்டடங்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் எழும்பின, அவற்றுக்கெல்லாம் இப்போது இருபது வயதை ஒட்டி ஆகிறது. நீங்கள் பள்ளிக்குப் போகும்போது சுவர்ப் பெயின்டைப் பார்க்காதீர்கள், வராந்தாத் தூணின் அடியையும் கூரையின் உள்பக்கத்தையும் பாருங்கள், பழுப்பு நிறத்தில் நீளக் கோடு ஓடுகிறதா என்று. அப்புறம் கழிவறை. கட்டடம் இருக்கும், தண்ணீர் இருக்காது, அல்லது போர்வெல் தண்ணீர் உப்பாகி குழாய் அடைத்துவிடும். உங்களுடையது பெண் பிள்ளை, ஆறாம் வகுப்புக்கு மேல் இது ஒன்றே பிள்ளையை மாதத்தில் சில நாள் வீட்டில் உட்கார வைத்துவிடும். குழாயைத் திறந்து பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

வருகைக் குறைவு இன்னொன்று. கரைவலை இழுக்கிற நாளில், கயிறு பிடித்தால் பையனுக்கும் ஒரு பங்கு மீனோ காசோ கிடைக்கும், அன்று ஏழாம் எட்டாம் வகுப்பில் பையன்கள் பெஞ்சு காலியாக இருக்கும். நல்ல மீன்பாடு கிடைக்கிற சீசனில் இது அடிக்கடி நடக்கும். எட்டாம் வகுப்பு முடிந்ததும் ஒன்பதுக்கு வெளியூர் போக வேண்டும் என்ற இடத்தில் அவர்களில் ஒரு பகுதி நின்றுவிடுகிறார்கள், கையில் காசு பார்த்தவனைத் திருப்பிக் கொண்டுவருவது ரொம்பக் கடினம். பெண் பிள்ளைகளை அந்த இடத்தில் நிறுத்துவது தூரம், அல்லது வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதது. பாக் நீரிணைப் பக்கத்தில், அப்பா இலங்கைச் சிறையில் இருக்கிற வாரங்களில் பிள்ளை பள்ளிக்கு வந்தாலும் மனது வராது. வடகிழக்குப் பருவமழையில் விடுமுறை, புயல் என்றால் வகுப்பறையே முகாம். சனிக்கிழமை வைத்து நாள் கணக்கை ஈடுகட்டுவார்கள், பாடக் கணக்கு ஈடாவதில்லை.

இனி வேன் பக்கம். உங்கள் வீட்டுக்காரர் விசைப்படகு என்பதால் சொல்கிறேன். கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். தனியார் பள்ளி ஃபீஸ், புத்தகம், யூனிஃபார்ம், வேன் முன்பணம் எல்லாம் வந்து நிற்பது சரியாக அந்த ஜூனில், வருமானம் இல்லாத இரண்டு மாதத்தின் முடிவில். அதனால் வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறார்கள், பருவம் மோசமானால் பாதியில் நிறுத்தி எங்களிடம் கொண்டுவருவார்கள், ‘பாக்கி கட்டினால்தான் டி.சி. தருவேன்னு சொல்றாங்க சார்’ என்று. (எட்டாம் வகுப்பு வரை டி.சி. வரவில்லை என்ற காரணத்துக்காக அரசுப் பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது, இதுவும் அதே சட்டத்தில் இருக்கிறது.) அப்படி வருடத்தின் நடுவில் இடம் மாறிய பிள்ளைகள்தான் இரண்டு பக்கமும் கால் ஊன்றாமல் தவித்தார்கள். வேனில் அனுப்புவதென்றால் ஐந்து வருடமாவது தாங்குமா என்று கணக்குப் போட்டுவிட்டு அனுப்புங்கள்.

தனியார் பள்ளியில் படித்தால் படிப்பு நன்றாக வருமா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் கிடையாது. அங்கே போகும் பிள்ளைகளின் வீடே வேறு, அதனால் பிள்ளைகளை ஒப்பிட்டுப் பள்ளியை எடைபோட முடியாது. இதைத் தாண்டிப் பார்க்க ஆந்திரத்தில் ஒரு நல்ல ஆய்வு நடந்தது, 2015இல் வெளிவந்தது. குலுக்கலில் தேர்ந்தெடுத்த கிராமத்துப் பிள்ளைகளைப் பணம் கட்டித் தனியார் பள்ளிக்கு அனுப்பி, நாலு வருடம் கழித்துப் பார்த்தார்கள். தெலுங்கிலும் கணக்கிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைவிடக் கூடுதலாக எதுவும் வரவில்லை, அரசுப் பள்ளியில் அவ்வளவாகச் சொல்லித்தராத இந்தியில் மட்டும் முன்னே இருந்தார்கள். ஆந்திரத்து முடிவை அப்படியே நம் கரைக்குப் பொருத்த முடியாதுதான், ஆனாலும் வேன் ஏறினாலே படிப்பு வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு அது சாட்சி சொல்லவில்லை. ஆங்கிலம் பேசுகிற கூச்சம் போகும் என்பது ஓரளவு உண்மை, அதை ஒப்புக்கொள்கிறேன். அதே சமயம் வீட்டில் யாருக்கும் ஆங்கிலம் தெரியாதபோது, மூன்றாம் வகுப்பில் அறிவியலையும் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்கிற பிள்ளை ஆறாம் வகுப்பில் தமிழும் எழுதத் தெரியாமல் நிற்பதையும் பார்த்திருக்கிறேன்.

தேர்ச்சி சதவீதத்தை வைத்தும் சின்னப் பள்ளிகளை எடைபோடாதீர்கள். பன்னிரண்டு பேர் பத்தாம் வகுப்பு எழுதுகிற பள்ளியில் ஒருவர் தவறினாலே எட்டு சதவீதத்துக்கு மேல் இறங்கிவிடும்.

வேன் ஏற்றும்போது யாரும் யோசிக்காத இன்னொன்று சலுகைகள். மருத்துவப் படிப்பில் 2020இலும், பொறியியல் முதலான படிப்புகளில் 2021இலும் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் ஆறு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தாள் என்றுதான் பார்க்கிறது. அரசு வேலைகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமைக்குப் பள்ளிப் படிப்பும் தமிழ்வழியாக இருக்க வேண்டும். எட்டு வரை பணம் கட்டி ஆங்கிலவழித் தனியாரில் படித்துவிட்டு ஒன்பதில் அரசுப் பள்ளிக்குத் திரும்பும் பிள்ளைக்கு இவை எதுவும் கிடையாது. உதவிபெறும் பள்ளி என்றால் இன்னும் கவனமாக இருங்கள். புதுமைப்பெண் அங்கே தமிழ்வழியில் படித்த மாணவிகளுக்கும் நீட்டிக்கப்பட்டது, 7.5 சதவீதம் அவர்களுக்கு இல்லை. விதிகள் மாறக்கூடியவை, ஆறாம் வகுப்பு சேர்க்கும் சமயத்தில் ஒரு முறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

இதனால்தான் மூன்றாம் வகுப்பு பற்றி நீங்கள் இவ்வளவு குழம்ப வேண்டாம் என்கிறேன். பெரிய முடிவு ஆறாம் வகுப்பில்தான் இருக்கிறது. அப்போது ஊர்ப் பள்ளியிலேயே எட்டு வரை விடுவதா, பஸ் பாஸ் வாங்கி டவுன் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு அனுப்புவதா என்று பார்க்கலாம். கணக்குக்கும் அறிவியலுக்கும் பட்டதாரி ஆசிரியர் பணியிடம் நிரம்பியிருக்கிறதா என்பதை வைத்து அதை முடிவு செய்யுங்கள். அதுவரை, மூன்று ஆசிரியர் இருக்கிற பள்ளி என்றால் நான் என் பேத்தியை ஊரிலேயே விடுவேன்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு விட வேண்டாம். வகுப்பு ஆசிரியரிடம் மகள் அரும்பிலா, மொட்டிலா, மலரிலா இருக்கிறாள் என்று கேளுங்கள், எண்ணும் எழுத்தும் திட்டத்தில் கற்றல் நிலையை வைத்துப் பிள்ளைகளை அப்படித்தான் பிரித்திருப்பார்கள், உடனே பதில் சொல்ல முடிகிற ஆசிரியர் பிள்ளையைக் கவனிக்கிறவர். வீட்டில் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் அவள் படிக்காத ஒரு பக்கத்தைத் திறந்து வாசிக்கச் சொல்லுங்கள். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொல்லுங்கள், கடன் வாங்குகிற இடத்தில் தடுமாறுகிறாளா பாருங்கள். இரண்டும் வருகிறது என்றால் பள்ளி தன் வேலையைச் செய்கிறது. வரவில்லை என்றாலும் உடனே வேன் வேண்டாம், முதலில் மாலையில் ஒரு மணி நேரம் ஊரில் படித்த ஒரு பெண்ணிடம் உட்கார வையுங்கள். 2021இல் மரக்காணம் பக்கம் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் நம் கடற்கரைக் கிராமங்களிலேயே டிகிரி முடித்த எத்தனையோ பெண்கள் தன்னார்வலராக வந்தார்கள். திட்டம் இப்போது முன்புபோல் எல்லா ஊரிலும் இல்லை, ஆனால் அந்தப் பெண்கள் ஊரில்தான் இருக்கிறார்கள். ஆங்கிலத்துக்கும் அவர்களே போதும்.

ஊருக்காக உங்கள் பிள்ளையின் படிப்பைப் பணயம் வைக்கச் சொல்லவில்லை. 61க்குக் கீழே போய் இரண்டு ஆசிரியர் ஆகிவிட்டால் என் பதில் மாறும், அப்போது பக்கத்து ஊர் அரசுப் பள்ளியை முதலில் பாருங்கள், வேனை அதற்கப்புறம். ஆகவே வேனுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் தலைமை ஆசிரியரிடம் இரண்டு விஷயம் கேட்டுவிடுங்கள்: இந்த வருடம் ஐந்தாம் வகுப்பு முடித்துப் போவது எத்தனை பேர், ஒன்றாம் வகுப்பில் சேரப் பெயர் கொடுத்தது எத்தனை பேர். சேருபவர்கள் குறைவு என்றால் அங்கன்வாடியில் ஐந்து வயது முடிந்த பிள்ளைகள் யார் யார் என்று ஊழியருக்குத் தெரியும், அந்த அம்மாக்களில் பாதிப் பேர் உங்கள் தெருவில்தான் இருப்பார்கள். அவர்களும் இதே கேள்வியோடுதான் உட்கார்ந்திருப்பார்கள், ஆகஸ்ட் 1க்குள் போய்ப் பேசுங்கள்.